அமெரிக்காவில் சொந்த வீட்டில் புல் வெட்டாவிட்டால் நகராட்சி அபராதம் போடுமாமே, உண்மையா?

உண்மைதான். வீடு வாங்கி முதல் கோடையைப் பார்க்கப் போகிறீர்கள், இல்லையென்றால் கதவில் ஏற்கெனவே ஒரு தாள் தொங்குகிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது என்றால் முதலில் போய் வெட்டிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

புல் எவ்வளவு உயரம் போகலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். எனக்குத் தெரிந்தது டெக்சாஸ். டாலஸ், ஆஸ்டினில் 12 அங்குலம், ஹூஸ்டனில் 9. குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதி தனி.

சோம்பேறிக்குத்தான் நோட்டீஸ் வரும் என்று சொல்ல யாராவது வருவார்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். 2019 மே மாதம் அப்பா கும்பகோணத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கிடைத்த விமானத்தில் கிளம்பினேன். ஆறு வாரம் ஆஸ்பத்திரி, வீடு என்று அலைச்சல். அந்த நேரத்தில் புல் எவன் ஞாபகத்தில் இருக்கும்?

எங்கள் பக்கம் மே மாதம்தான் நல்ல மழை. புல்வெளியில் இருப்பது வேறொன்றுமில்லை, பெர்முடா என்று பெயர் வைத்த நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். அது படர்ந்துகொண்டு கிடக்கும், பெரிய தொந்தரவு இல்லை. வேலியோரம் முளைக்கும் ஜான்சன் புல்தான் வில்லன். சோளத்துக்குப் பங்காளி, தட்டை மாதிரி விறுவிறுவென்று ஏறும். திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. நண்பர்தான் வெட்டியிருக்கிறார் என்று மனசு குளிர்ந்தது. நாலாம் நாள் பில் வந்தது. நகராட்சி ஆள் வைத்து வெட்டிய கூலி, அதோடு அலுவலகச் செலவு, மொத்தம் 237 டாலர்.

நோட்டீஸே வரவில்லையே என்று போன் செய்தேன். வந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது தபாலை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன், கடிதம் தபால் நிலையத்திலேயே கிடந்து திரும்பிப் போயிருக்கிறது. மாநில சுகாதாரச் சட்டம் 342ஆம் அத்தியாயத்தைப் பிறகு உட்கார்ந்து படித்தேன். யாரும் வாங்காமல் திரும்பினாலும் அனுப்பிய நோட்டீஸ் செல்லும். கெடு 7 நாள். பணம் கட்டாவிட்டால் வீட்டின் மேல் வில்லங்கம் பதிவார்கள், வருஷத்துக்கு 10 சதவீத வட்டி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒரு வருஷத்துக்குள் மறுபடி வளர்ந்தால் புது நோட்டீஸ் இல்லாமலேயே வந்து வெட்டலாம், அதை முதல் நோட்டீஸிலேயே சொல்லியிருப்பார்கள்.

237 டாலருக்கா இவ்வளவு புலம்பல் என்றால், ஃபுளோரிடாவில் டனீடின் என்ற ஊரில் ஜிம் ஃபிக்கன் என்பவருக்கு ஒரு நாளைக்கு 500 டாலர் வீதம் கிட்டத்தட்ட 30,000 டாலர் ஏறியது. அவரும் இறந்துபோன அம்மாவின் சொத்து விவகாரத்துக்காக வெளியூரில் இருந்தவர்தான். நான் விதியைக் குறை சொல்லவில்லை. பாம்பு, எலி, கொசு எல்லாம் நிஜம். ஆள் இல்லாத வீட்டுக்கும் அக்கறை இல்லாத வீட்டுக்கும் ஒரே தராசு என்பதுதான் உறுத்துகிறது.

ஊருக்குப் போவதாக இருந்தால் கூலிக்கு ஆள் பேசிவிட்டுப் போங்கள். முன்பக்கம், பின்சந்து, நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற பட்டை என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "நான் பாத்துக்கறேன்" என்கிற நண்பரை மட்டும் நம்பாதீர்கள். என் நண்பர் ஒன்றும் ஏமாற்றவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, கராஜ் வழியாக உள்ளே போய், ஜன்னலோரம் இருந்த கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார். புதுத் துளிர் விட்ட படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. முழங்கால் உயரப் புல்லைத் தாண்டித்தான் வந்து போயிருக்கிறார்! கேட்டால், "தொட்டியத்தானே பாத்துக்கச் சொன்னீங்க" என்றார். போன மாதம் அந்தத் தொட்டியிலிருந்தே ஒரு கன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.