கொல்லன் மகனின் கவசம்

வணக்கம் அண்ணா,

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' என்ற கணினி விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் நண்பனும் விளையாட ஆரம்பித்தோம். இப்போது எங்களுக்குள் ஒரே சண்டை. அவனுக்கு 'மோர்ட்ஹாவ்' என்ற வாள்சண்டை விளையாட்டுத்தான் பிடிக்கும். அதில் எந்த நூற்றாண்டுத் தலைக்கவசத்தையும் எந்தக் கவசத்தோடும் போட்டுக்கொள்ளலாம். கிங்டம் கம்மிலும் தனக்குக் கறுப்புக் கவசம் வேண்டும், வரலாறு என்று சொல்லி ஏன் தடுக்க வேண்டும் என்கிறான். எனக்கோ அது மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது. வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிற விளையாட்டில் படைவீரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்துவதுதானே சரி? நீங்கள் யார் பக்கம்?

— ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தால் அதுதான் வரலாற்றுப் பிழை. சீருடைப் படை என்பது மிகவும் பிற்காலத்து வழக்கம். 1361இல் டென்மார்க் அரசன் வால்டமார் காட்லாந்துத் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே உள்ளூர்க் குடியானவர் படையை அழித்தான். கோடைக்காலம். பிணங்களைக் கவசத்தோடே குழிகளில் தள்ளி மூடிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அவற்றைத் தோண்டியபோது துணிக்குள் இரும்புத் தகடுகளை வைத்துத் தைத்த உடுப்புகள், சங்கிலித் தலையணிகள் என்று பலவும் கிடைத்தன. தகடுகளின் அமைப்பு உடுப்புக்கு உடுப்பு வேறுபட்டது. சில அந்தக் காலத்துக்கே பழைய மோஸ்தர். வீட்டில் இருந்ததை மாட்டிக்கொண்டு வந்து செத்தவர்கள் அவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஆக, கலவையாக உடுத்துவது தவறே இல்லை. அந்தக் கலவைக்குக் காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் காரணம் பணம். இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி 1181இல் போட்ட ஆணையைப் பாருங்கள். 16 மார்க் (அக்காலப் பண அளவு) சொத்துள்ளவனிடம் சங்கிலிக் கவசமும் தலைக்கவசமும் கேடயமும் ஈட்டியும் இருக்க வேண்டும். 10 மார்க் உள்ளவனுக்குச் சிறிய சங்கிலிச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. சாதாரண நகரவாசிக்குப் பஞ்சோ துணியோ அடைத்துத் தைத்த மெத்தைச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. ஒருவனைப் பார்த்தாலே அவன் வசதி தெரிந்துவிடும்.

1403இன் பொஹீமியாவை, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியைக் காட்டும் கிங்டம் கம் இதைப் பெரும்பாலும் புரிந்துவைத்திருக்கிறது. முதலில் மெத்தைத் துணி, அதன்மேல் சங்கிலி, அதற்கும் மேல் தகடு என்று அடுக்கு அடுக்காக மாட்ட வேண்டும். முகமூடியை இறக்கினால் பார்வை ஒரு கீற்றாகச் சுருங்கிவிடுகிறது. கவசம் சத்தம் போடுகிறது. ரத்தக்கறையோடு போனால் மதிப்புக் குறைகிறது. இவையெல்லாம் நம் தேர்வுக்கு அந்த விளையாட்டு வாங்கும் விலை. மோர்ட்ஹாவிலும் ஒரு விலை உண்டு. கனமான கவசம் எடுத்தால் ஆயுதத்துக்குப் புள்ளிகள் குறையும். ஆனால் அது ஆட்டத்தின் சமநிலைக்காக வைத்தது, வாழ்க்கையிலிருந்து வந்ததல்ல.

சரி, கிங்டம் கம் எனக்கு எங்கே உடைகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கொள்ளைக்காரன் ஒருவனைக் கொல்கிறேன். அவன் மார்புத் தகட்டைக் கழற்றி அப்படியே மாட்டிக்கொள்கிறேன், கச்சிதமாகப் பொருந்துகிறது! நான்கைந்து பேருடையதைக் குதிரையில் ஏற்றி விற்றால் கொல்லன் மகனான நம் கதாநாயகன் கோமான் மாதிரி ஆகிவிடுகிறான். உண்மையில் நல்ல தகட்டுக் கவசம் தையற்காரர் தைத்த சட்டை போல உடலுக்கு அளவெடுத்துச் செய்தது. முழுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. அந்தக் கனம் உடலெங்கும் சரியாகப் பரவினால்தான் ஓட முடியும், குதிரை ஏற முடியும். கவசத்தின் இடுப்பு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் குனியவே முடியாது. அளவெடுக்க வசதி இல்லாதவர்களுக்கு ஆயத்தக் கவசங்களும் இருந்தன. இத்தாலியின் பிராட்டோ ஊர் வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி மிலானிலிருந்து வாங்கி, இன்றைய பிரான்சில் உள்ள அவினியோனில் விற்றிருக்கிறார். அவற்றையும் வார் மாற்றி, உள்ளே பஞ்சு வைத்துச் சரிசெய்துதான் அணிந்திருப்பார்கள்.

தனக்கேற்ப மாற்றிக்கொள்வது என்றால் அந்தக் காலத்தில் இதுதான். இதை ஆட்டமாக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிடுங்கி வந்த தகட்டை உடனே அணியக் கூடாது. கவசக் கொல்லனிடம் கொடுத்து, கூலி கொடுத்து, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை பழைய மெத்தைச் சட்டையோடு பயந்துகொண்டே திரிய வேண்டும். அப்படிக் கிடைத்த கவசத்தை யாரும் சும்மா விற்றுவிட மாட்டார்கள்.

வண்ணம், சின்னம் விஷயத்தில் நான் உங்கள் நண்பன் பக்கம். 1385இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் ஸ்குரோப், குரோஸ்வெனர் என்ற இருவர் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலத்தில் ஒரு பொன்னிறச் சாய்பட்டை. வழக்கு 1390 வரை இழுத்தது. கவிஞர் சாசர்கூட சாட்சி சொன்னார். கடைசியில் ஸ்குரோப்புக்குத்தான் சின்னம். ஒரு பட்டைக்காக ஐந்து வருடம் வழக்காடியவர்களின் காலத்தைக் காட்டும் விளையாட்டு, நிறத்தைத் தேர்ந்தெடுக்க விடாவிட்டால் எப்படி?

அப்புறம் அந்தக் கறுப்புக் கவசம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணம் பூசிய ஜெர்மானியத் தலைக்கவசங்கள் இன்றும் இருக்கின்றன. கொல்லன் மெருகேற்றாமல் விட்ட கருமையோடே அணிந்தவர்களும் உண்டு, அது விலையும் குறைவு. எனவே உங்கள் நண்பன் கேட்பதில் தவறில்லை. பளபளப்பான கவசத்தை வாங்க முடியாதவன் அணிவது அது என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்