குழந்தையின் முதல் மசியல்: நுகர்வோர் கேள்வி-பதில்

தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டும் இணை உணவு தொடங்கும் பருவத்தில் குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

காட்பாடி வாசகி: பேரனுக்கு ஐந்து மாதம் முடிகிறது. காய்களை வேகவைத்து, அதிலேயே அரைத்தும் தரும் இயந்திரத்தை 6,500 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்கிறாள் மகள். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. இணை உணவு தொடங்குவது ஆறு மாதம் நிறைந்த பிறகுதான். மையாக அரைத்த உணவு அதன்பின் ஓரிரு மாதங்களுக்கே தேவைப்படும். எட்டு மாதமளவில் கையால் மசித்த, சற்றுத் திப்பியான உணவுக்குக் குழந்தை பழக வேண்டும். பத்து மாதம் கடந்தும் மையாகவே ஊட்டினால், பிறகு மென்று தின்ன மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கும். இட்லித் தட்டில் பரங்கிக்காய்த் துண்டுகளை ஆவியில் வேகவிட்டு, கீரை மத்தால் மசித்து, காய்ச்சி ஆறவைத்த நீரோ தாய்ப்பாலோ சிறிது சேர்த்தால் வேலை முடிந்தது. பேத்திக்காக நான் வாங்கிய இத்தகைய இயந்திரம் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதன் நீர்த்தொட்டியின் அடி மூலையில் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. அங்கே விரலும் நுழையாது, பிரஷ்ஷும் நுழையாது.

ஆற்காடு வாசகர்: ஆப்பிள் மசியலில் சேர்க்க எந்த நிறுவனத்தின் தேன் நல்லது?

எதுவும் இல்லை. ஒரு வயது நிறையும் வரை தேனைக் குழந்தையின் நாவில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி வித்துகள் குடலில் பெருகி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும்.

குடியாத்தம் வாசகி: மசியல் அரைக்கவென்று இணையத்தில் வாங்கிய கைப் பிளெண்டர், வேகவைத்த கேரட்டை அரைக்கும்போதே புகைந்து நின்றுவிட்டது. திருப்பித் தரும் ஏழு நாள் முடிந்துவிட்டதென்றும், கடினமான பொருளை அரைத்தது என் தவறென்றும் விற்பனையாளர் சொல்கிறார். கணவரிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

வெந்த கேரட் கடினமான பொருள் என்றால், அந்தக் கருவியால் எதைத்தான் அரைப்பது? உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை, தயங்காமல் சொல்லுங்கள். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. ஏழு நாள் என்பது அவர்களாக வகுத்துக்கொண்ட கணக்கு. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வேலூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில், அவர்கள் அனுப்பிய பதில்கள், கருகிய பகுதியின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கருவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆம்பூர் வாசகர்: ஆறு மாதக் குழந்தைக்கான தானிய உணவு டப்பா இரண்டு வாங்கினால் ஊட்டும் கிண்ணமும் கரண்டியும் இலவசம் என்கிறது ஒரு கடை. வீட்டில் மசியல் செய்வதைவிட இது லாபம்தானே?

லாபக் கணக்குக்குப் பிறகு வருவோம். அந்தக் கடை செய்வது குற்றம். குழந்தைப் பால்மாற்று, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கென்று விற்கப்படும் உணவை விளம்பரப்படுத்துவதையே தடை செய்கின்றன. விற்பனையைப் பெருக்க மாதிரிப் பொட்டலமோ, பாத்திரமோ, வேறு எந்த ஆசையோ காட்டக் கூடாது. கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் அதற்காகத் தேடிச் செல்லவும் கூடாது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்காது, ஏனெனில் அதற்கும் தடை உண்டு. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழியுள்ள இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பஜாரில் அந்த டப்பாவின் கழுத்தில் கிண்ணத்தை டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டால், ‘கம்பெனிக்காரர் கொடுத்தார் சார்’ என்று சிரிக்கிறார்கள். பட்டாசுக் கடையில் இலவசம் தரட்டும், புடவைக் கடையில் தரட்டும்; பேசத் தெரியாத ஒரு வாடிக்கையாளரின் வயிற்றைக் காட்டி அவனுடைய தாயிடம் வியாபாரம் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இனி லாபம்: நம் வீட்டுப் பச்சரிசி, பாசிப்பருப்புக் குழைவில் சில துளி நெய் விட்டால் ஆகும் செலவை நீங்களே கணக்கிடுங்கள்.

சத்துவாச்சாரி வாசகி: வாட்ஸ்அப் குழுவில், இருபத்தெட்டுப் பொருள்கள் சேர்ந்த ‘வீட்டுச் சத்துமாவு’ வாங்கினேன். பாக்கெட்டில் தேதி இல்லை. ஊட்டியதும் குழந்தைக்கு உடலெங்கும் தடிப்பு வந்தது. யாரிடம் புகார் செய்வது?

முதலில் மருத்துவரிடம் போங்கள், புகார் காத்திருக்கும். இதே போன்ற கடிதங்களுக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணையும் சேர்மானங்களையும் தேதியையும் அச்சிட வேண்டும். அவை எதுவும் இல்லாத பாக்கெட்டைப் பார்த்தும் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். இருபத்தெட்டில் எது ஒவ்வாமை தந்தது என்று யார் கண்டுபிடிப்பது? மூன்று நாளைக்கு ஒரு புதிய உணவு என்று தருவதே அதைத் தெரிந்துகொள்ளத்தான். மீதி மாவுடன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். ஆறு மாதம் முதல் அங்கன்வாடியில் சத்துமாவு விலையின்றிக் கிடைக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைப்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையும் அல்ல. முளைகட்டிய மாவில் கஞ்சி இளகி நிற்பதால், நீரைப் பெருக்காமலேயே ஊட்டலாம்.

ராணிப்பேட்டை வாசகி: மசியலை ஐஸ் தட்டில் உறையவைத்தால் எத்தனை நாள் வரும்?

நன்றாக உறைந்த நிலையில் ஒரு மாதம். உறைய வைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு நாள். மின்தடையில் இளகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கரண்டியின் எச்சில் பட்ட மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தட்டை மூடியுடன், வாசனை பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிய சிலிகோன் தட்டு எத்தனை முறை கழுவியும் டயர் வாடை வீசியது.

வாணியம்பாடி வாசகர்: சட்னி ஜாரில் மிளகாய் நெடி போகவில்லை. மசியலுக்காகப் புதிய மிக்ஸி வாங்கலாமா?

சிறிய ஜார் மட்டும் வாங்குங்கள். உங்கள் மிக்ஸிக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து, மூடியின் ரப்பர் வாஷர் கழற்றிக் கழுவ வருகிறதா என்றும் பாருங்கள். நெடி தங்குவது வாஷர் பதியும் பள்ளத்தில்தான்.