முல்தானி மெட்டி முகத்துல காயணுமா, வேண்டாமா?

வீட்டுலயே ஃபேஸ் பேக் போடுறது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுல களிமண் சம்பந்தமானதை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கறேன்.

அக்கா, வாரத்துல ரெண்டு நாள் முல்தானி மெட்டில எலுமிச்சம் சாறு பிழிஞ்சு போடுறேன். நல்லா காஞ்சு வெடிக்கற வரைக்கும் ஃபேனுக்கு அடில உக்காந்துடுவேன். கழுவினதும் முகம் இழுக்குது, கன்னத்துல செதில் செதிலா உரியுது. மண்ணு ஒத்துக்கலையா?
– வாசகி, திண்டுக்கல்

மண்ணு மேல தப்பில்லம்மா, போடுற விதம்தான் தப்பு. முல்தானி மெட்டிங்கற பேரே இப்போ பாகிஸ்தான்ல இருக்கற முல்தான் ஊரை வச்சு வந்தது, நமக்குக் கிடைக்கறது பெரும்பாலும் ராஜஸ்தான் பார்மர், பிகானேர் பக்கத்து மண்ணு. இந்த மாதிரி மண்ணை அந்தக் காலத்துல எதுக்கு வச்சிருந்தாங்க தெரியுமா, ஆட்டு ரோமத்துல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க! கம்பளில இருந்தே எண்ணெயை உறிஞ்சற மண்ணு உங்க கன்னத்துல இருக்கற கொஞ்சூண்டு எண்ணெயை விட்டு வைக்குமா?

ஈரமா இருக்கற வரைக்கும் அது அழுக்கையும் பிசுக்கையும் இழுக்கும், முழுசா காஞ்சுட்டா தோல்ல இருக்கற ஈரத்தையும் சேர்த்து இழுக்க ஆரம்பிச்சிடும், அந்த இழுப்பைத்தான் நாம "ஆஹா, முகம் டைட்டாகுது"ன்னு சந்தோஷப்பட்டுக்கறோம். அடுத்த தடவை போடும்போது கண்ணாடி முன்னாடியே நில்லுங்க. மூக்கோரத்துலயும் தாடை ஓரத்துலயும் கரும்பழுப்பா இருந்த மண்ணு வெளுக்க ஆரம்பிக்கும் பாருங்க, நடுக்கன்னம் இன்னும் ஈரமா தொட்டா ஒட்டும். அதுதான் கழுவற நேரம். பத்து நிமிஷத்துக்குள்ள வந்துடும், ஃபேன் போட்டா இன்னும் சீக்கிரம். பச்சைத் தண்ணியை கையில அள்ளி முதல்ல ஊற விட்டு எடுங்க, காஞ்ச மண்ணை வறட்டு வறட்டுன்னு தேய்க்காதீங்க.

எலுமிச்சம் சாறை இன்னையோட நிறுத்திடுங்க, கெஞ்சிக் கேக்கறேன். நம்ம தோலோட பிஹெச் (அமிலத்தன்மையைச் சொல்ற அளவு, எண் குறையக் குறைய அமிலம் ஜாஸ்தி) கிட்டத்தட்ட 5, எலுமிச்சம் சாறு 2 கிட்ட. எரியும், அதுவும் சாறு ஒட்டின முகத்தோட வெயில்ல போனா சில பேருக்கு தீஞ்சு போன மாதிரி கறுப்புத் திட்டே விழுந்துடும், அது மறைய மாசக்கணக்குல ஆகும். உங்க வறண்ட தோலுக்கு முல்தானி மெட்டியை விட்டுட்டு கயோலின்ங்கற வெள்ளைக் களிமண் வாங்குங்க, ஒரு ஸ்பூன் மண்ணுக்கு அரை ஸ்பூன் தேன், குழைக்கற அளவு பன்னீர், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். உரியறது நிக்கற வரைக்கும் அதுவும் வேண்டாம், வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்க.

கயோலின், பென்டோனைட், முல்தானி மெட்டி... எல்லாம் ஒரே மண்ணு தானே? விலை மட்டும் ஏன் வேற வேற?
– வாசகி, சேலம்

வேற வேறதான், வீட்டுலயே பாத்துடலாம். ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ஒண்ணுல ஒரு ஸ்பூன் கயோலின், இன்னொண்ணுல ஒரு ஸ்பூன் பென்டோனைட், கலக்காம தூவுங்க. கயோலின் மாவு மாதிரி அடியில போய் படிஞ்சிடும். பென்டோனைட் அப்படியே ஊதி ஊதி கூழாகி வழவழன்னு நிக்கும், ஏன்னா அது தகடு தகடா இருக்கற மண்ணு, தகடுக்கு நடுவுல தண்ணி புகுந்துடும். தண்ணியை அவ்வளவு இழுக்குற மண்ணுக்கு உறிஞ்சற சக்தியும் ஜாஸ்தி. அதனால எண்ணெய் வழியற முகத்துக்கு பென்டோனைட், முல்தானி மெட்டி, வறண்ட முகத்துக்கும் சென்சிட்டிவ் முகத்துக்கும் கயோலின். கயோலின் பேர் சீனாவுல காவோலிங்னு ஒரு மலையில இருந்து வந்தது, பீங்கான் செய்யற அதே மண்ணு.

பேஸ்ட்டா கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு மாசம் வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

வராது. நானே ஒரு தடவை தயிர் போட்டுக் கலந்து டப்பால வச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன், வந்து மூடியைத் திறந்தா ஓரம் முழுக்க பச்சையா பூஞ்சை. தண்ணி பட்ட நிமிஷத்துல இருந்து அது சாப்பாடு மாதிரிதான். அன்னன்னைக்கு கலந்து மிச்சத்தைக் கொட்டிடுங்க. பவுடராவே கலந்து வச்சுக்கலாமே, கயோலினும் பாசிப்பயறு மாவும் சம அளவு, கொஞ்சமா கஸ்தூரி மஞ்சள், ஈரமில்லாத பாட்டில்ல போட்டு ஈரக்கை படாம வச்சா மாசக்கணக்குல இருக்கும். கலக்கும்போது மூக்கை துணியால கட்டிக்கோங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்ல.

எங்க பாட்டி பருவுக்கு நாமக்கட்டி உரைச்சு போடுவாங்க. இப்பவும் போடலாமா? புற்றுமண்ணும் சொல்றாங்களே?
– வாசகி, செய்யாறு

செய்யாறுல இருந்துகிட்டு கேக்கறீங்களே, உங்க பக்கத்து ஜடேரி நாமக்கட்டிக்குத்தான் 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது! நல்ல நாமக்கட்டி கழுவித் தெளிய வச்ச மென்மையான வெள்ளைக் களிமண். சின்ன பருவு மேல மட்டும் உரைச்சு வச்சு எடுக்கலாம், தப்பில்ல. ஆனா எங்க செஞ்சதுன்னே தெரியாத கட்டியா இருந்தா மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டுப் பாருங்க (எலுமிச்சை இதுக்கு நல்லா உதவும்). நுரைச்சு வந்தா அதுல சுண்ணாம்புத்தூள் கலந்திருக்குன்னு அர்த்தம், முகத்துக்கு வேண்டாம்.

புற்றுமண்ணை தோண்டி எடுத்து அப்படியே போடாதீங்க, அதுலயும் உடைஞ்ச பரு மேல கூடவே கூடாது. டெட்டனஸ் கிருமி மண்ணுலதான் இருக்கு.

மூணு மாசம் கர்ப்பமா இருக்கேன். முல்தானி மெட்டியை கரைக்கும்போது வர்ற அந்த மண்வாசனைக்கு வாய் ஊறுது. தினமும் ஒரு துண்டு வாயில போட்டுக்கறேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. தப்பா அக்கா?
– பெயர் வேண்டாம்

உங்க லெட்டரைத்தான் முதல்ல படிச்சேன். வெக்கப்பட ஒண்ணுமே இல்லம்மா, கர்ப்பத்துல நிறைய பேருக்கு மண்ணு, சாம்பல், பச்சரிசின்னு ஆசை வரும், பல நேரம் உடம்புல இரும்புச்சத்து கம்மியா இருக்கும்போதுதான் அது வரும். கஷ்டம் என்னன்னா இந்த மண்ணு சாப்பாட்டுல வர்ற இரும்பையும் பிடிச்சு வச்சுக்கும், அப்போ ரத்தம் இன்னும் குறையும், ஆசை இன்னும் கூடும். இன்னொண்ணு, இது பூசறதுக்காக விக்கற மண்ணு, ஈயம் இருக்கலாம். 2016-ல அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்டிஏவே ஒரு பென்டோனைட் பவுடர்ல ஈயம் இருக்கு, பயன்படுத்தாதீங்கன்னு எச்சரிச்சாங்க. ஈயம் தாய்கிட்ட இருந்து குழந்தைக்கும் போகும்.

அந்தப் பாக்கெட்டை இன்னைக்கே தூக்கிப் போடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திரை இலவசமாவே தர்றாங்க, டீ காபியோட சேர்த்துப் போடாதீங்க, சத்து உடம்புல ஒட்டாது. முக்கியமா டாக்டர்கிட்ட "மண்ணு சாப்பிட்டேன்"ன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க, அவங்க திட்ட மாட்டாங்க, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்து அதுக்குத் தகுந்த மாதிரி மருந்து தருவாங்க. ஹீமோகுளோபின் எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்கம்மா.