பழைய கணினித் திருவிழா ஒன்றுக்காக மட்டும் வெளிநாடு போய்வருவது காசுக்குத் தகுமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் தன் வீட்டில் டிவியில் இணைத்து ஓட்டுகிற ஒரு பழைய ஹோம் கம்ப்யூட்டர் இருப்பதாகவும், பழைய கணினிகளை ஆட்கள் கொண்டுவந்து ஓட்டிக்காட்டுகிற இப்படி ஒரு திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். என் வீட்டிலும் சிரித்தார்கள். "நம்ம பரண்ல கிடக்கிறதைப் பார்க்க எதுக்குங்க ஜெர்மனி?" என்றாள் மனைவி. ஆனாலும் போனேன். கொரோனாவுக்கு முந்தைய ஓர் அக்டோபரில், பெர்லினுக்கு.

என்னைக் கேட்டால் தகும். ஆனால் எல்லாருக்கும் அல்ல. பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் போகாதீர்கள். அந்த மெஷின்கள் எல்லாமே யூடியூப்பில் இருக்கின்றன, பழைய மெஷினைப் போல நடிக்கிற எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓசியில் ஓடுகின்றன. கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் எதையாவது திறந்து பார்க்கிற ஆள் என்றால் கடன் வாங்காமல் முடிகிற வருடத்தில் போய்விட்டு வாருங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் படித்த திருச்சிப் பள்ளிக்கு 80களின் நடுவில் பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி வந்தது. மத்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்களே, அதே மெஷின். பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசு உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு சார் தட்டுவார், பின்னால் பன்னிரண்டு பேர் எட்டிப் பார்ப்போம். இரண்டு வருடத்தில் அந்தக் கீபோர்டை நான் தொட்டது மூன்று தடவை இருக்கும். மேல் வரிசையில் இருக்கும் செங்கல் நிற பட்டன்களைத் தொட்டதே இல்லை.

சரி, ஏன் பெர்லின்? 'விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல்' என்ற இந்தத் திருவிழா 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இப்போது அமெரிக்காவில் பல ஊர்களில் நடக்கிறது. மேற்குக் கரையில் நடப்பது மவுன்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில். நியூ ஜெர்சியில் நடப்பது கேம்ப் எவன்ஸ் என்ற பழைய ராணுவ வளாகத்தில். 1946 ஜனவரியில் நிலாவுக்கு ரேடார் அலை அனுப்பி எதிரொலி பிடித்தது அங்கிருந்துதான், அதற்காகவே ஒருமுறை போகலாம். ஐரோப்பாவில் மியூனிக்கில் 2000இல் ஆரம்பித்தார்கள், அப்புறம் பெர்லினிலும் வந்தது.

இதில் நம்மவர்கள் யோசிக்காத ஒரு விஷயம் கரண்ட். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், டிவி படம் வரும் முறை என்டிஎஸ்சி (NTSC). அங்கே ஆசைப்பட்டு காமடோர் 64 என்ற 80களின் ஹோம் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தால், வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நம் பழைய டிவியில் படம் உருளும் அல்லது கலர் வராது. ஜெர்மனியில் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், டிவி முறையும் நம்முடைய PAL தான். அங்கே வாங்குவது இங்கே அப்படியே ஓடும், பிளக்குக்கு ஒரு சின்ன அடாப்டர் போதும். நான் பெர்லினைத் தேர்ந்தெடுக்க இதுதான் காரணம். மனைவியிடம் 'ஐரோப்பியப் பண்பாடு' என்று சொல்லி வைத்திருந்தேன்.

விசா சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசாதான். அழைப்புக் கடிதம் எதுவும் இல்லாமல், திருவிழா அறிவிப்பை அச்செடுத்துக் கடிதத்தோடு வைத்தேன். கவுன்டரில் இருந்த பெண் "கம்ப்யூட்டர் கம்பெனியா சார்? அப்போ பிசினஸ் விசால்ல?" என்றார். "இல்லைம்மா, பழைய கம்ப்யூட்டர். சும்மா பார்க்கத்தான்" என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். முப்பதாயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. திருவிழாத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பு வந்தபிறகே டிக்கெட் போடுங்கள். நான் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய், அங்கிருந்து நாலு மணி நேர ரயிலில் பெர்லின் போனேன்.

நடந்த இடம் பெர்லினின் தொழில்நுட்ப அருங்காட்சியகம். கிளைஸ்ட்ரைஎக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கூரைமேல் ஒரு விமானம் தெரியும். 1948-49இல் மேற்கு பெர்லினை ரஷ்யர்கள் அடைத்தபோது சாப்பாடு கொண்டுவந்தார்களே, அந்த வகை விமானம். வழி கேட்கவே வேண்டாம். பழைய சரக்கு ரயில் நிலையத்தின் நீளமான கொட்டகையில் மேசை மேசையாக மெஷின்களைப் பரப்பியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது வாசனைதான். சூடான தூசும் டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷும் கலந்த அந்த வாசனை, மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்த அதே வாசனை.

ஒரு மேசையில் பிபிசி மைக்ரோ இருந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான், பக்கத்தில் பாதி தின்ற பிரெட். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுந்ததும் நான் போய் உட்கார்ந்தேன். மேசைக்காரர் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அந்த இரட்டை பீப் வந்தது. செங்கல் நிற பட்டன்கள் பத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த பட்டன்களுக்கு முதலில் நாமே வேலை சொல்லிவைக்க வேண்டுமாம்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது மூன்றாவது மேசையைப் பற்றி. அங்கே இருந்தது கேசி 85, கிழக்கு ஜெர்மனியில் மூல்ஹவுசன் நகரத்து அரசு ஆலை 1984 முதல் செய்த கணினி வகை. மேற்கிலிருந்து சிப் வாங்கத் தடை இருந்ததால் அவர்களே, அந்தக் காலத்துப் பல ஹோம் கம்ப்யூட்டர்களுக்கு மூளையாக இருந்த இசட்80 சிப்பைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல், யு880 என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். இந்த மெஷினின் இதயம் அதுதான். மேசைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அவருக்கு ஜெர்மனும் ரஷ்யனும் தெரியும். எனக்குத் தமிழும் அரைகுறை ஆங்கிலமும். அவர் ஒரு கேசட்டிலிருந்து விளையாட்டு ஒன்றை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்; அந்தக் காலத்தில் நிரல்களைக் கீச்சொலியாகக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். டேப்பிலிருந்து துண்டு துண்டாகப் படிக்கும்போது திரையில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் வரும், சரியாகப் படிக்கவில்லை என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போடும். அவருக்கு வரிசையாகக் கேள்விக்குறிகள்தான். ரீவைண்ட் செய்வார், திரும்ப ஓட்டுவார், திரும்பக் கேள்விக்குறி.

எனக்குத் திரையைவிடச் சத்தத்தில்தான் கவனம். டேப்பின் கீச்சொலி கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தது. டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்தவர்களுக்கு இது உடனே புரியும். டேப்பைப் படிக்கிற ஹெட்டில் மயிரிழை போல ஓர் இடைவெளி உண்டு, அது டேப்புக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு மெஷினில் பதிந்த டேப்பை வேறு மெஷினில் போட்டால், இரண்டின் ஹெட்டும் ஒரு துளி கோணம் மாறியிருந்தாலே மேல் ஸ்தாயி எல்லாம் செத்துவிடும். பாட்டு என்றால் கொஞ்சம் மழுங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். கணினி நிரல் என்றால் படிக்கவே முடியாது. ஹெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்குரூ இருக்கும், அதில் ஸ்பிரிங் வைத்ததுதான் கோணம் மாற்றுவது. திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் மாமா கடையில் லீவு நாட்களில் எனக்கு இதுதான் வேலை. கஸ்டமர் கொண்டுவந்த கேசட்டைப் போட்டு, பாட்டில் ஜால்ராச் சத்தம் பளிச்சென்று வரும்வரை திருக வேண்டும்.

நான் ஹெட்டைக் காட்டி, விரலால் திருகுவது போலச் சைகை செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், டேப் ரெக்கார்டரைப் பார்த்தார், அப்புறம் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். டேப் ஓட ஓடக் கால் சுற்று திருகினேன். இன்னும் மோசமானது. எதிர்ப்பக்கம் வந்தேன். சத்தம் கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்தது போல விரிந்தது. ரீவைண்ட் செய்து ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஓடின, ஏழாவதில் திரும்பக் கேள்விக்குறி. இன்னும் ஒரு மயிரிழை. மூன்றாவது முயற்சியில் கடைசி வரை போனது. பாம்பு நெளிகிற மாதிரி ஏதோ ஒரு விளையாட்டு. அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னிடம் நீளமாக ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசைப் பையன் மொழிபெயர்த்தான். அந்த கேசட் அவர் ரேடியோவிலிருந்து பதிந்ததாம். 80களின் கடைசியில் கிழக்கு ஜெர்மன் வானொலி கணினி நிரல்களை அந்தக் கீச்சொலியாகவே ஒலிபரப்பும். வீட்டில் ரெக்கார்டரை வைத்துப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கணினியில் ஏற்றிக்கொள்வார்கள். நாம் இலங்கை வானொலியில் பாட்டுக்காகக் காத்திருந்து ரெக்கார்ட் பட்டனை அமுக்கினோமே, அதே வேலைதான். என்ன, அவர்கள் பிடித்தது கீச்சொலியை. நடுவில் லாரி போய் ரேடியோ கரகரத்தால் நிரல் போச்சு. கேசி 85 பெரும்பாலும் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும்தான் போனது, தனி ஆள் வாங்குவது லேசு இல்லை. இவர் வேலை செய்த இடத்தில் இருந்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தட்டுவாராம். செருப்பைக் கழற்றச் சொன்னார்களா என்று கேட்கச் சொன்னேன். பையனுக்குக் கேள்வி புரியவில்லை, விட்டுவிட்டேன்.

போகும்போது கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்த ஒரு யு880 சிப்பை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

அதே வளாகத்தில் கொன்ராட் சூசவின் இசட்1 இருக்கிறது, தவற விடாதீர்கள். 1936இலிருந்து 38 வரை பெற்றோர் வீட்டு ஹாலில் தகடு தகடாக வெட்டி அவர் கட்டிய இயந்திரக் கணினி. நிரலைத் துளைகளாகப் பதிகிற காகித நாடாவுக்குப் பதில் வேண்டாத சினிமா ஃபிலிமில் துளை போட்டுக்கொண்டார். மூலம் போர்க் குண்டுவீச்சில் அழிந்தது, இப்போது இருப்பது 1980களில் எழுபது வயதுக்கு மேல் அவரே மறுபடி கட்டியது. அவர் முதலில் அதைக் கட்டிய வீடு இருந்த தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பார்த்தால் கணினி என்றே தோன்றாது, பெரிய கட்டில் ஒன்றில் தகடுகளை அடுக்கியது போல இருக்கும். அரை மணி நேரம் நின்றேன்.

வாங்குவது பற்றி. பழைய டியூப் மானிட்டரை ஆசைப்பட்டுத் தூக்காதீர்கள், விமானத்தில் விடுகிற 23 கிலோவில் பாதி அதற்கே போகும், வந்து சேரும்போது டியூபின் கழுத்து உடைந்திருக்கும். போர்டு, சிப், கேசட், கீபோர்டு மட்டும் போதும். வெறும் சர்க்யூட் போர்டை ஹேண்ட் லக்கேஜில் வைத்தால் எக்ஸ்ரேயில் நிச்சயம் நிறுத்துவார்கள். தெரிகிற பிளாஸ்டிக் கவரில் போட்டு, முழு மெஷினின் படம் ஒன்றை அச்செடுத்துக் கூடவே வையுங்கள். ஸ்குரூ டிரைவர் செக்-இன் பெட்டிக்குள். சென்னையில் சுங்க அதிகாரி நான் அங்கே வாங்கி வந்த காமடோரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டரா? ஸ்கிரீன் எங்கே?" "டிவிதான் சார்." "எத்தனை ஜிபி?" "64 கேபி." அவர் சிரித்துவிட்டு மூடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஆசையில் பிளக்கில் சொருகாதீர்கள். காமடோரின் பழைய அடாப்டர் கெட்டால் 5 வோல்ட் லைனில் அதிகமாகத் தள்ளி உள்ளே சிப்புகளைக் கொன்றுவிடும், புது சப்ளை வாங்குங்கள். மற்ற மெஷின்களில் கரண்ட் உள்ளே வருகிற இடத்து ஃபில்டர் கபாசிட்டரை முதலில் மாற்றுங்கள், முப்பது வருடம் தூங்கியது எழுந்தால் புகையோடுதான் எழும். போர்டில் பீப்பாய் போன்ற பேட்டரி இருந்தால் உடனே வெட்டி எடுத்துவிடுங்கள், அது கசிந்து போர்டின் செப்புத் தடங்களை அரிக்கும்.

எனக்கு எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது, ஐந்து நாள். ஊர் சுற்றியது மிகக் குறைவு. அதில் வருத்தம் இல்லை.

எங்கள் பரணில் இருந்தது டிபி ஸ்பெக்ட்ரம் என்ற ஹோம் கம்ப்யூட்டர். பிரிட்டனின் சின்க்ளேர் கம்பெனி செய்த ஸ்பெக்ட்ரமை டெசிபெல்ஸ் என்ற நம் நாட்டு நிறுவனம் 1986இல் உரிமம் வாங்கி விற்றது. மாமா கடைக்கு ரிப்பேருக்கு வந்து, கொடுத்தவர் திரும்ப வரவே இல்லை. அதை இறக்கி, அதில் இருந்த இசட்80ஐ சால்டர் உறிஞ்சி எடுத்து, சாக்கெட் வைத்து, யு880ஐச் சொருகினேன். நாற்பது கால்களும் அதே வரிசை. டிவியில் சின்க்ளேரின் 1982ஆம் வருடக் காப்புரிமை வாசகம் வந்தது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்ப என்னங்க மாறிடுச்சு?"

ஒன்றும் மாறவில்லை. பழைய சிப்பில் ஓடிய அதே விளையாட்டு அப்படியே ஓடியது.