இரவு 11 மணிப் பசிக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 38. இரவு 8 மணிக்கு இரண்டு தோசையோடு சாப்பாடு முடிந்துவிடும். பிள்ளைகள் தூங்கியபின் ஆபீஸ் கணக்குகளை முடித்துப் படுக்க 12.30 ஆகிறது. காலை 5.30-க்கு எழ வேண்டும். 11 மணி வாக்கில் பயங்கரமாகப் பசிக்கிறது. முறுக்கு, மிக்சர், பிஸ்கட் என்று கையில் கிடைத்ததைத் தின்றுவிடுகிறேன். காலையில் பசியே இல்லை, காபியோடு சரி. எடை ஏறிக்கொண்டே போகிறது. வாயைக் கட்ட ஏதாவது வழி உண்டா?

பதில்: வாயைக் கட்டுவதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் கணக்குப்படி தினமும் 5 மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். உங்கள் பசியில் பெரும் பங்கு இந்தக் குறையிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் வயிற்றில் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. 2004-இல் வெளியான இந்த ஆய்வில் அவர்களுக்கு ஆசை அதிகமானது எதன்மேல் தெரியுமா? இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப்பண்டங்கள். உங்கள் கை மிக்சர் டப்பாவைத் தேடிப் போவதில் ஆச்சரியமில்லை. சின்ன ஆய்வுதான்; பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஹார்மோன் அளவுகள் இதே மாதிரி மாறவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தால் அதிகம் சாப்பிடுகிறோம் என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

உடம்பின் கடிகாரமும் இதில் சேர்கிறது. எப்போது சாப்பிட்டாலும், எப்போது தூங்கினாலும், பசியுணர்வு இரவு 8 மணியை ஒட்டி உச்சத்திலும் காலை 8 மணியை ஒட்டி அடியிலும் இருக்கிறது. அதனால் காலையில் பசிக்காதது நோய் இல்லை. அதற்காகக் காபியோடு நிறுத்தினால், பகலில் விட்டதை உடம்பு ராத்திரியில் வசூலித்துவிடும்.

2022-இல் வெளியான இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். உடல் எடை கூடிய, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய 80 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தை நீட்டிக்க மட்டும் ஆலோசனை கொடுத்தார்கள். சாப்பாட்டைக் குறையுங்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தூக்கம் 1.2 மணி நேரம் கூடியது. சாப்பாடு மற்ற பிரிவைவிட நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைந்தது. சுமார் 50 கிராம் மிக்சர்!

எனவே படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் 10.30-க்குப் படுத்தால் புரண்டுகொண்டுதான் கிடப்பீர்கள். சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். ஆபீஸ் கணக்கில் எதைப் பகலுக்குத் தள்ளலாம் என்று பாருங்கள். இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம் என்று தெரியும். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

இரண்டு தோசை, சட்னி என்பது மாவுச்சத்துதான். கூட ஒரு முட்டையோ, கெட்டியான பருப்போ, ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ந்தால் வயிறு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அதையும் மீறி 11 மணிக்கு நிஜமாகவே பசித்தால் பட்டினி கிடக்காதீர்கள். ஒரு டம்ளர் பால் அல்லது ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை போதும். எதுவானாலும் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். லேப்டாப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் அளவு தெரியாது. சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும்.

தூக்கத்திலிருந்து எழுந்து, சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வரும் என்ற நிலை வாரத்தில் பல நாள் இருந்தால் கதை வேறு. அது 1955-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விவரித்த பிரச்சினை, சிகிச்சை இருக்கிறது.

உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று எழுதவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் நடுராத்திரியில் வியர்வை, கை நடுக்கத்தோடு பசி வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். உடனே பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால் மறுநாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.