வாசகர் கேள்வி பதில்: எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து வருடங்கள் ஆன பிறகு எடையைக் காப்பது எப்படி?

சாட்ஸ்வொர்த் வாசகி: அக்கா, நாலு வருஷத்துக்கு முன்னால் வயிற்றைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 118 கிலோவிலிருந்து 76 வரைக்கும் இறங்கினேன். போன வருஷத்திலிருந்து மெல்ல ஏறி இப்போது 84. சாப்பாட்டின் அளவு பெரிதாக ஒன்றும் கூடவில்லை. "இவ்வளவு பணத்தைக் கொட்டி என்ன பிரயோசனம்" என்று மாமியார் கேட்கிறார். வெட்கத்தில் சர்ஜனிடம் போவதையே விட்டுவிட்டேன். வயிறு திரும்பவும் பெரிதாகிவிட்டதா?

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 118-லிருந்து 84 என்றால் 34 கிலோ இன்னும் உங்களிடம் திரும்பி வரவில்லை, அதாவது பழைய எடையில் கிட்டத்தட்ட 29 சதவீதம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நாலாயிரம் பேருக்கு மேல் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பைபாஸ் (வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள், பத்தாவது வருடத்தில் 25 சதவீதத்தில் நின்றார்கள். ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை, ஆனாலும் பாதை இதே மாதிரிதான்: ஒன்று, ஒன்றரை வருடத்தில் அடிமட்டம், அப்புறம் கொஞ்சம் ஏற்றம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறப்பும் குறைவாக இருந்தது அதே ஆய்வில்தான் தெரிந்தது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் குறைந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிரயோசனம் என்பது அதிலும் இருக்கிறது.

ஏன் ஏறுகிறது? ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால்தான் முதல் வருடம் பசியே தெரியாத மாதிரி இருந்திருக்கும். ஆனால் உடம்பு தன் பழைய எடையைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். 118 கிலோ உடம்பு செலவழித்த சக்தியை 76 கிலோ உடம்பு செலவழிக்காது, எடை குறைந்த கணக்கைவிடக் கூடவே சிக்கனம் பிடிக்கும். பசியும் மெல்லத் திரும்பும். நீங்கள் சோம்பேறி ஆகிவிட்டதால் இது நடக்கவில்லை. வயிறு காலப்போக்கில் கொஞ்சம் விரிவது உண்மைதான், ஆனால் அது ஒன்றே காரணமாக இருப்பது அபூர்வம்.

சாப்பாட்டின் அளவு கூடவில்லை என்கிறீர்கள், அதை அப்படியே நம்புகிறேன். நான் கேட்பது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் என்ன போகிறது என்பதை. கோழிக்கறி நாலு வாய் போனதும் போதும் என்று வயிறே சொல்லிவிடும். சிப்ஸ், முறுக்கு, டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் அப்படி நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், சின்ன வயிறு அதைத் தடுக்காது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எடை ஏறுவது இந்தக் கொறிப்பில்தான். மூன்று நாளைக்கு வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்றது உட்பட. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையிலேயே 160 கலோரி, பாலும் பிஸ்கட்டும் தனி. பழச்சாறும் அப்படித்தான். 2018-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை வரி போட்டபோது சுத்தமான பழச்சாற்றை விட்டுவிட்டார்கள், அதனால் அது உடம்புக்கு நல்லது என்று பலர் நினைத்துக்கொண்டு டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், சாறாகக் குடிக்காதீர்கள்.

தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், அப்புறம் காய்கறி, கடைசியில் இடம் இருந்தால் சோறோ ரொட்டியோ. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது, சோற்றைப் பிசைந்து தொடங்கி கறிக்கு வரும்போது வயிறு நிறைந்துவிடுகிறது. பன்னி சௌவிலும் அப்படித்தான், பிரெட்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கறியைச் சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் ஒவ்வொரு வேளையும் யோசித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். சாப்பிடும்போதும் அடுத்த அரை மணி நேரமும் தண்ணீர் வேண்டாம். நடைக்கு டர்பன் கடற்கரை நடைபாதை இருக்கிறது, ஆனால் நடை மட்டும் போதாது. எடையோடு தசையும் கரைந்திருக்கிறது, வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள், வீட்டில் தண்ணீர் பாட்டிலை வைத்துத் தொடங்கினாலும் சரி.

எல்லாவற்றையும்விட முக்கியம், சர்ஜனிடம் திரும்பப் போங்கள். தைராய்டு, மனச்சோர்வு மாத்திரை, ஸ்டீராய்டு, இன்சுலின் எல்லாமே எடையை ஏற்றலாம், அதைச் சமையலறையில் கண்டுபிடிக்க முடியாது. தேவைப்பட்டால் செமக்ளுடைட், லிராக்ளுடைட் மாதிரி பசியைக் குறைக்கும் ஊசிகளை டாக்டர்கள் இப்போது ஆபரேஷனுக்குப் பிந்தைய எடை ஏற்றத்துக்கும் கொடுக்கிறார்கள். அது வேண்டியிருந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. இது நாள்பட்ட நோய், சர்க்கரை நோய்க்கு இரண்டாவது மருந்து சேர்த்தால் யாரும் நோயாளியைத் திட்டுவதில்லையே. வாட்ஸ்அப்பில் விற்கும் ஊசியை மட்டும் தொடவே தொடாதீர்கள். 8 கிலோ ஏறியதும் டாக்டரிடம் போய் நிற்பது 25 கிலோ ஏறிய பிறகு போய் நிற்பதைவிட எவ்வளவோ சுலபம், அதனால் இந்த மாதமே போங்கள்.

டோங்காட் வாசகர்: எனக்கு பைபாஸ் செய்து ஆறு வருஷம் ஆகிறது. புரட்டாசி முழுக்க மாமிசம் தொடமாட்டேன், காவடிக்குப் பத்து நாள் விரதமும் உண்டு. ஒவ்வொரு புரட்டாசியிலும் எடை கூடிவிடுகிறது, கூடவே களைப்பு, முடி கொட்டுதல். விரதத்தை விட்டுவிடச் சொல்வீர்களா?

விடச் சொல்லமாட்டேன் ஐயா. விரதத்தில் தவறில்லை, தட்டில்தான் இருக்கிறது. மீனும் கோழியும் போன இடத்தில் உருளைக்கிழங்குக் கறி, பூரி, வடை, சமோசா, பாயசம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மாமிசம் இல்லை என்றால் புரதத்தை வேறு இடத்தில் தேடியே ஆகவேண்டும். உங்கள் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு அரைக் கப் சுகர் பீன்ஸ்தான் பிடிக்கும், அதில் கிடைப்பது 7 கிராம் மாதிரி. ஆகவே பீன்ஸையும் பருப்பையும் மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. சோயா மின்ஸ் நல்ல துணை, காய்ந்த நிலையில் அதில் பாதி புரதம். ஒரு கப் மாஸில் (கெட்டியான புளித்த பாலில்) சுமார் 8 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம் அளவுக்கு வரும். பருப்பைத் தண்ணீராக ஊற்றாமல் கெட்டியாக வையுங்கள். இன்னும் குறைந்தால் புரதப் பொடியை மோரில் கலந்து குடிக்கலாம், விரதத்துக்கு ஒத்து வருமா என்று டப்பாவில் சேர்மானத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பைபாஸில் இனிப்பு நேராகக் குடலில் இறங்குவதால் பத்து நிமிஷம், அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு வரலாம், சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கமே வரும். காவடி வரும் தை மாதம் இங்கே கோடை வெயில், நம்மால் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்கவும் முடியாது, அதனால் காலையிலிருந்தே வாய் வாயாகக் குடித்துக்கொண்டு வாருங்கள். கூட வருகிற ஒருவரிடம் உங்கள் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லி வையுங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ஒரே வேளை சாப்பிடும் வழக்கம் உங்களுக்கு வேண்டாம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் அப்படிச் செய்யவே கூடாது.

களைப்பையும் முடி கொட்டுவதையும் விரதத்தின் மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். இரும்பு, பி12, வைட்டமின் டி மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேருவது குறையும்.

பீனிக்ஸ் வாசகி: வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகி இரண்டரை வருஷம். முன்பு நாலு கிளாஸ் குடித்தாலும் நிதானமாக இருப்பார், இப்போது ஒரு கிளாஸிலேயே தடுமாறுகிறார். வாராவாரம் பிராந்தியும் கோலாவும். பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம்தான், அம்மா. பைபாஸ் செய்தவர்களின் ரத்தத்தில் மது வேகமாக ஏறும், முன்பைவிட அதிகமாகவும் ஏறும். அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்ததில் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவது வருடத்திலிருந்துதான் குடிப்பழக்கப் பிரச்சினை கூடியது, அவர் இருப்பது அந்தக் கட்டத்தில். ஒரு கிளாஸ் என்றாலும் அன்றைக்கு அவர் வண்டி ஓட்டக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவரைக் குற்றம் சாட்டாமல், ஆபரேஷன் செய்த குழுவிடம் இருவரும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். இன்னொன்று, மறுநாள் தலைவலிக்குக் கடையில் வாங்கும் பொடிகளில் பலவற்றில் ஆஸ்பிரின் இருக்கிறது. பைபாஸ் வயிற்றில் அது புண் உண்டாக்கும், இபுப்ரோஃபெனும் அப்படியே. பாராசிட்டமால் மட்டும் என்றால் பரவாயில்லை, ஆனால் குடியோடு சேர்த்து அதுவும் வேண்டாம்.

லெனேசியா வாசகி: ஸ்லீவ் செய்து மூன்று வருஷம், ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது. வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தலாமா? விலையும் அதிகம்.

நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பாக இருக்கும், நிறுத்தினால் உடனே தெரியாது, தெரியவரும்போது கை கால் மரத்துப்போய் நரம்பு வரைக்கும் போயிருக்கும். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் எதை விலை குறைந்த மாத்திரையாக மாற்றலாம், பி12-ஐ மாத ஊசியாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை வாழ்நாள் முழுக்க உண்டு. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்காமல் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லி, தயமின் (வைட்டமின் பி1) ஊசி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தயமின் குறைந்தால் மூளை பாதிக்கும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் அதைப் போட வேண்டும்.