மின்சாரம் போனதும் எழுத்து எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

பர்மாவின் பேகு நகரில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புக்குப் பாடக் குறிப்புகள் தயாரித்து வருகிறேன். சென்ற வாரம் மூன்று பக்கங்களைத் தட்டச்சு செய்து முடிக்கும் தறுவாயில் மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது அந்த மூன்று பக்கங்களும் இல்லை. முந்தைய நாள் செய்த பாடம் மட்டும் பத்திரமாக இருந்தது. கணினி தெரிந்த உறவினர் ஒருவர், நினைவகம் என்பது மேசை, வன்தட்டு என்பது அலமாரி என்று விளக்கினார். மேசைமேல் வைத்த தாள் விளக்கு அணைந்தால் மறைந்துவிடுமா, ஐயா? மின்சாரம் போனதும் தன் பேட்டரியிலிருந்து சிறிது நேரம் மின்சாரம் தரும் யுபிஎஸ் கருவியை வாங்கச் சொல்கிறார்கள். அது அவசியம்தானா?

அன்புடன்,
பேகு வாசகி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். மேசை, அலமாரி என்ற விளக்கம் எங்கே போதாமல் போகிறதோ அந்த இடத்தையே பிடித்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்த விளக்கத்தை விட்டுவிட்டு, பொருளையே நேராகப் பார்ப்போம்.

நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது விசைப்பலகை எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியை மட்டுமே அனுப்புகிறது. விண்டோஸ் போன்ற இயக்க அமைப்பு அதை உரிய எழுத்தின் எண்ணாக மாற்றி, நீங்கள் திறந்து வைத்திருக்கும் செயலிக்குக் கொடுக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'க' என்பதன் எண் 2965. இகரக் குறியின் எண் 3007. திரையில் 'கி' என்று ஓர் எழுத்தாகத் தெரிவது உள்ளே இந்த இரண்டு எண்கள்தாம். நம் நாட்டில், யூனிகோடு முறையைச் சரியாகப் பின்பற்றாத ஜாஜி எழுத்துருவில் எழுதிய பர்மிய வாசகம் யூனிகோடு கருவியில் சிதைந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சேமிக்கப்படுபவை எண்கள், வடிவத்தை எழுத்துரு பிறகு வரைகிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

இந்த எண்கள் முதலில் போய்ச் சேரும் இடம் ரேம் எனப்படும் நினைவகம். ஒன்று, பூச்சியம் என்ற இரண்டே குறிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குறியும் ஒரு நுண்ணிய அறையில் வைக்கப்படுகிறது. அந்த அறையில் இருப்பவை மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கியும், அதற்குக் கதவுபோல் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டரும் மட்டுமே. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு வகுத்து, 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம். ஆனால் அந்த மின்னேற்றம் தானாகவே கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, பொதுவாக 64 மில்லிநொடிகளுக்குள் (ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எல்லா அறைகளையும் ஒருமுறை படித்து, மறுபடி நிரப்பிவிட வேண்டும் என்பது விதி. ஒரு நொடியில் பதினைந்து முறைக்கு மேல், நீங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கும்போதும், உங்கள் மூன்று பக்கங்களும் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. மின்சாரம் நின்றதும் புதுப்பிக்கும் வேலை நின்றது, மின்னேற்றம் வடிந்தது. அந்தப் பக்கங்களை யாரும் அழிக்கவில்லை. அவற்றைத் தாங்கி வைத்திருந்த வேலைதான் நின்றுபோனது.

வன்தட்டில் நடப்பது வேறு. அதில் உலோகப் பூச்சின் மிகச் சிறிய பகுதிகள் ஒரு திசையிலோ எதிர்த்திசையிலோ காந்தமாக்கப்படுகின்றன. அந்தக் காந்தத் திசை மாறாமல் இருப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. முந்தைய நாள் பாடம் பிழைத்தது இதனால்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் நேரே வன்தட்டிலேயே எழுதினால் என்ன என்று உங்கள் மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கச் சுமார் 100 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது மில்லிநொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) போதும்; சுழலும் வன்தட்டில் அதற்குச் சுமார் 10 மில்லிநொடி ஆகும், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. நொடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளைச் செய்யும் பிராசசர் என்ற கணினியின் மையச் சில்லு, ஒவ்வொன்றுக்கும் வன்தட்டை எதிர்பார்த்திருந்தால் கணினியால் எந்த வேலையும் உருப்படியாக நடக்காது. வேகத்துக்காகவே நிலையற்ற இடத்தில் வேலை செய்கிறோம். கண்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போதுதான் அந்த எண்கள் நிலையான இடத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதை அழுத்துங்கள். வேர்டு செயலி மீட்புக்காகத் தானே ஒரு படி எடுத்து வைக்கும். அதன் இடைவெளி வழக்கமாகப் பத்து நிமிடம். அமைப்புகளில் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். வகுப்புக்குப் போகும்போது கணினியை உறக்க நிலையில் விட்டுச் செல்வது சேமித்ததாகாது. அப்போதும் எண்கள் நினைவகத்தில்தான் இருக்கின்றன, அதற்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. ஹைபர்நேட் என்ற நிலை வேறு: நினைவகத்தில் உள்ளதை வன்தட்டில் எழுதிவிட்டுத்தான் அது அணையும்.

யுபிஎஸ் வாங்குவது நல்லதுதான், ஆனால் அதை நம்பி மணிக்கணக்கில் தட்டச்சு செய்ய முடியாது. சாதாரண வீட்டு யுபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கும். சேமித்து, முறையாக அணைப்பதற்கு அது போதும். அதன் பேட்டரி வெயில் காலத்தில் விரைவாகத் தேய்ந்துவிடும் என்பதால், கையிருப்புப் பணத்தை அதில் போடுவதற்கு முன் பேட்டரி நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினி ஏதும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பாடக் குறிப்பு எழுத அதுவே தாராளம். மின்சாரம் போனாலும் நினைவகத்துக்கு வேண்டியதை அந்தப் பேட்டரியே கொடுத்துக்கொண்டிருக்கும்.